கார்டு முடிய ஐந்து வாரம், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை: ஜெர்மனியில் படிக்கும் மாணவருக்கு ஒரு பதில்

கேள்வி: நான் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். 2023 அக்டோபரில் ஜெர்மனிக்கு வந்து இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். இது ஐந்தாவது செமஸ்டர். ஒரு பாடம் அரியர். தீசிஸ் இன்னும் தொடங்கவில்லை. என் குடியிருப்பு அனுமதிக் கார்டு டிசம்பர் 12-ஆம் தேதி முடிகிறது. வெளிநாட்டவர் அலுவலகத்திடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டு செப்டம்பரிலேயே மின்னஞ்சல் அனுப்பினேன். தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. விசாவுக்காக முன்கூட்டியே போட்டுவைத்த பிளாக்டு அக்கவுன்ட் பணம் தீர்ந்துவிட்டது. வங்கியில் 2,300 யூரோ இருக்கிறது. ஒரு கிடங்கில் பகுதி நேர வேலை செய்கிறேன்; மாதம் சராசரியாக 850 யூரோ கைக்கு வருகிறது. இந்த ஆண்டு வகுப்புக் காலத்தில் 24 வாரம், வாரத்துக்கு மூன்று ஷிப்ட். விடுமுறையில் 11 வாரம், வாரத்துக்கு ஐந்து ஷிப்ட். ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம். மொத்தம் 127 நாள் ஆகிறது. 120 நாள்தான் அனுமதி என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 150 யூரோ கொடுத்தால் அப்பாயின்ட்மென்ட் எடுத்துத் தருவதாகவும், 12,000 யூரோவை என் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு ஒரு வாரத்தில் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். தை மாதம் தங்கையின் திருமணம். போய்வர முடியுமா? அப்பாவிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை.

பதில்:

தம்பி, உங்களைக் காப்பாற்றப் போவது அப்பாயின்ட்மென்ட் அல்ல. டிசம்பர் 12-க்கு முன்பாக உங்கள் விண்ணப்பம் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்தான் காப்பாற்றும். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். குளிர்காலம் தொடங்கும்போது என் அறைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் உங்களைப் போலவே சந்திப்புத் தேதிக்காகக் காத்திருந்து தூக்கத்தைத் தொலைத்தவர்கள். சட்டம் சந்திப்புத் தேதியைக் கேட்கவே இல்லை.

ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தில் 81-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்வது இது: கையில் இருக்கும் அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவெடுக்கும் வரை பழைய அனுமதியே தொடர்வதாகக் கருதப்படும். வேலை செய்யும் உரிமையும் அதோடு சேர்ந்தே தொடரும். அலுவலகம் மூன்று மாதம் எடுத்தாலும் ஆறு மாதம் எடுத்தாலும் நீங்கள் சட்டப்படிதான் அங்கே இருக்கிறீர்கள். அதே விண்ணப்பம் டிசம்பர் 13-ஆம் தேதி போனால் இந்தப் பாதுகாப்பு தானாக வராது. பெரும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக அலுவலகம் விரும்பினால் தரலாம் என்ற நிலைக்கு இறங்கிவிடுவீர்கள். ஒரு நாள் தள்ளிப்போவதால், உரிமையாக இருந்தது கேட்டு வாங்க வேண்டியதாகிவிடுகிறது.

செப்டம்பரில் மின்னஞ்சல் அனுப்பினேனே என்று நீங்கள் கேட்கலாம். அதில் நீங்கள் கேட்டது சந்திப்புத் தேதி. அதை விண்ணப்பமாக ஏற்கும் அதிகாரிகளும் உண்டு. அது வெறும் விசாரணைதான் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. உங்கள் எதிர்காலத்தை அந்தச் சந்தேகத்தின் மேல் வைக்க வேண்டாம். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளையே முறையான விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

முதலில் உங்கள் நகர நிர்வாகத்தின் இணையதளத்தில் நீட்டிப்புக்கான ஆன்லைன் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நிரப்பி, இறுதியில் வரும் உறுதிச் சான்றைக் கட்டாயம் சேமித்துக்கொள்ளுங்கள். படிவம் இல்லையென்றால், அல்லது பாதியில் நின்றுவிட்டால், ஒரு பக்கக் கடிதம் போதும். பெயர், பிறந்த தேதி, முகவரி, பாஸ்போர்ட் எண், இப்போதைய கார்டின் எண், முடியும் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே தெளிவாக ஒரு வாக்கியம்: குடியிருப்புச் சட்டம் 16பி பிரிவின்படி படிப்புக்காக எனக்குத் தரப்பட்ட அனுமதியை நீட்டிக்க இதன்மூலம் விண்ணப்பிக்கிறேன். அடுத்த வாக்கியத்தில், 81-ஆம் பிரிவின்படியான இடைக்காலச் சான்றையும் கேளுங்கள். ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது இதைத்தான். கடிதம் ஜெர்மன் மொழியில் இருக்கட்டும். கையெழுத்தை மறக்க வேண்டாம்.

பாஸ்போர்ட், கார்டு, மாணவர் பதிவுச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, வாடகை ஒப்பந்தம், மதிப்பெண் பட்டியல், சம்பளச் சீட்டுகள், வங்கி அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். ஏதாவது ஒன்று இன்னும் கையில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பின்னர் அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். குறையுள்ள விண்ணப்பமும் விண்ணப்பம்தான். எல்லாத் தாளும் சேரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வேதனையாக இருக்கும். ஏனென்றால் அவர்களில் பலர் மிகவும் ஒழுங்கான பிள்ளைகள்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதோடு, இன்னொரு பிரதியை அலுவலகத்தின் தபால் பெட்டியில் நேரில் போடுங்கள். போடும்போது ஒரு நண்பரைச் சாட்சியாக உடன் அழைத்துச் செல்லுங்கள். தேதி, நேரம், நண்பரின் பெயர் ஆகியவற்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபேக்ஸ் வசதி கிடைத்தால் அதையும் செய்து, அனுப்பியதற்கான அறிக்கைத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வழிகளில் அனுப்புவதால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

அலுவலகத்தின் பதிலும் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். ஜெர்மனியில் தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர்தான் பெரும்பாலும் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. அலுவலகமும் அந்தப் பெயரிலேயே கடிதம் எழுதும். பெட்டியிலோ நண்பர்கள் கூப்பிடும் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். கடிதம் திரும்பிப் போய்விடும். ஒரு விண்ணப்பத்தை மறுப்பதற்கு முன், உங்கள் தரப்பைச் சொல்லுங்கள் என்று கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புவது அங்கே வழக்கம். அந்தக் கடிதம் திரும்பிப் போய்விட்டால், நீங்கள் பதில் சொல்லவில்லை என்றுதான் கோப்பில் பதிவாகும். ஆகவே, பாஸ்போர்ட்டில் இருக்கும் முழுப் பெயரையும் இன்றே பெட்டியில் ஒட்டுங்கள்.

பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். குடியிருப்பு அனுமதி பாஸ்போர்ட்டின் ஆயுளைத் தாண்டிப் போகாது. ஒரு வருடத்துக்குள் அது முடிவதாக இருந்தால், புதுப்பிக்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள். அழைப்பு வந்ததும் புகைப்படத்துக்காக அலைய வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 மே முதல் இந்தக் கார்டுகளுக்கு டிஜிட்டல் படம்தான். அலுவலகத்திலேயே எடுக்கலாம், அல்லது அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் எடுக்கலாம். நீட்டிப்புக் கட்டணம் 93 யூரோ.

அந்த வாட்ஸ்அப் மனிதர் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தின் சந்திப்புத் தேதிகள் இலவசம். அவற்றை மொத்தமாகப் பிடித்து வைத்து விற்பவர்கள் உங்களைப் போன்ற பிள்ளைகளின் பயத்தை முதலீடாக்கிப் பிழைக்கிறார்கள். அவரிடம் 150 யூரோவோடு பாஸ்போர்ட் நகலையும் கொடுப்பீர்கள். அது எங்கெங்கே போகும் என்பது உங்கள் கையில் இருக்காது.

12,000 யூரோ யோசனை அதைவிட மோசமானது. இது எல்லாரும் செய்வதுதானே என்று குழுவில் சொல்வார்கள். திருப்பிக் கொடுப்பதற்காக வாங்கிய பணத்தை வாழ்க்கைச் செலவுக்கான என் பணம் என்று அதிகாரியிடம் காட்டினால், அது பொய்த் தகவல். அனுமதி பெறுவதற்காகப் பொய்யான அல்லது முழுமையற்ற தகவல் தருவது குடியிருப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ விதிக்கலாம். சில மாத வங்கி அறிக்கைகளைக் கேட்டாலே, திடீரென்று வந்து ஒரே வாரத்தில் மறைந்த தொகை கண்ணில் பட்டுவிடும். பணப் பற்றாக்குறை தீர்க்கக்கூடிய பிரச்சினை. பொய் சொன்னவர் என்று கோப்பில் ஏறிவிட்டால் அதைத் தீர்க்க எனக்குத் தெரிந்து எளிய வழி எதுவும் இல்லை.

உங்களுக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை. நீங்கள் எழுதிய எண்களையே எடுத்துக்கொள்வோம். வாழ்க்கைச் செலவுக்கு இப்போது கேட்கப்படும் தொகை மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904. உங்கள் சம்பளம் 850. மாதத்துக்குக் குறைவது 142. பன்னிரண்டு மாதத்துக்கு 1,704. உங்கள் வங்கியில் 2,300 இருக்கிறது. நீட்டிப்பின்போது புதிய பிளாக்டு அக்கவுன்ட்தான் வேண்டும் என்று எல்லா அலுவலகங்களும் பிடிவாதம் பிடிப்பதில்லை. கடந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகள், வேலை தொடரும் என்பதைக் காட்டும் ஒப்பந்தம், வங்கி இருப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்பவை பல. இந்தக் கணக்கை நான்கு வரியில் எழுதி விண்ணப்பத்தோடு வையுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தம் டிசம்பரோடு முடிவதாக இருந்தால், மேலாளரிடம் பேசி நீட்டிப்பை எழுத்தில் வாங்குங்கள். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோவிலிருந்து 13.90 யூரோவாக உயர்கிறது. நீங்கள் குறைந்தபட்ச ஊதியத்தில் இருந்தால் அதையும் குறிப்பிடலாம்.

அதிகாரி இதை ஏற்காவிட்டால், ஜெர்மனியில் நிலையான வருமானத்தோடு வாழும் உறவினர் ஒருவர் உங்களுக்காகப் பொறுப்புறுதி எழுதித் தரலாம். ஆனால் அவரிடம் முழு விவரத்தையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அந்தக் கையெழுத்து பொதுவாக ஐந்து ஆண்டு அவரைக் கட்டுப்படுத்தும். உங்களுக்காக அரசு செலவழிக்க நேர்ந்தால் அவரிடம் வசூலிக்கலாம். அதற்கு முன், உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் படிப்பை முடிக்கும் கட்டத்துக்கான உதவித்தொகை இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் நிதியிலிருந்து பல பல்கலைக்கழகங்கள் இப்படி உதவுகின்றன. மாணவர் நல அமைப்பான ஷ்டுடியரண்டன்வெர்க், கிறிஸ்தவ மாணவர் சபைகள் ஆகியவற்றிடமும் அவசர நிதி உண்டு. சபைகளின் உதவியைப் பெற நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தப் பணம் அங்கே இருக்கிறது.

வேலை நாள் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது பழைய சட்டம். 2024 மார்ச் 1 முதல் 120 முழு நாள் என்பது 140 ஆகிவிட்டது; அரை நாள் கணக்கில் 280. நீங்கள் நாள் கணக்கிலேயே வைத்துக்கொண்டாலும் 127-தான், எல்லையைத் தாண்டவில்லை. அதோடு, வாரக் கணக்கு என்று இன்னொரு முறையும் இருக்கிறது. வகுப்புக் காலத்தில் 20 மணி நேரத்துக்கு மிகாமல் வேலை செய்த வாரத்தை, எத்தனை நாளாகப் பிரித்து வேலை செய்திருந்தாலும், இரண்டரை நாளாகக் கணக்கிடலாம். விடுமுறைக் கால வாரங்களுக்கும் இதே இரண்டரை நாள்தான். உங்களுக்கு எது சாதகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஷிப்ட் என்றால் 18 மணி நேரம். ஆகவே உங்கள் 35 வாரங்களும் சேர்ந்து 87.5 நாள்தான் வரும். ஆண்டு இறுதி வரை இதே போல் தொடர்ந்தாலும் 140-ஐ நெருங்க மாட்டீர்கள். வாரவாரியாக ஒரு பட்டியல் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காவிட்டால் நல்லது. கேட்டால் உடனே நீட்டலாம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற எல்லை சமூகக் காப்பீட்டுச் சட்டத்திலும் தனியாக இருக்கிறது. அதைத் தாண்டினால் மாணவருக்கான காப்பீட்டுச் சலுகை போய்விடக்கூடும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். சுயதொழில் என்ற பெயரில் உணவு டெலிவரிக்குப் போகலாம் என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். அலுவலகத்தின் தனி அனுமதி இல்லாமல் மாணவர் சுயதொழில் செய்ய முடியாது. உங்கள் துறையிலேயே ஹிவி வேலை, அதாவது பேராசிரியருக்கு உதவியாளர் வேலை, கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது இந்த நாள் கணக்கில் சேராது. தீசிஸுக்கும் வழி திறக்கும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் தீசிஸ்தான். நீட்டிப்பில் அதிகாரி பார்க்கும் முக்கியமான கேள்வி, நியாயமான காலத்துக்குள் இந்தப் படிப்பு முடியுமா என்பது. அந்தத் துறையில் மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் சராசரிக் காலத்தைவிட மூன்று செமஸ்டருக்கு மேல் தாண்டாதவரை படிப்பு ஒழுங்காக நடப்பதாகவே வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு செமஸ்டர் படிப்பில் ஐந்தாவதில் இருப்பது பெரிய தாமதம் அல்ல. சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்திடம் கருத்துக் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் கொடுத்துவிடலாம்: எந்த மாதம் அரியர் தேர்வு, எப்போது தீசிஸ் பதிவு, எப்போது சமர்ப்பிப்பு என்று ஒரு பக்கத் திட்டம், அதன் கீழே பேராசிரியர் அல்லது துறை ஆலோசகரின் கையெழுத்து. அந்த ஒரு பக்கம் பல விண்ணப்பங்களின் போக்கை மாற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அரியர் எத்தனையாவது முயற்சி என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊரில் அரியரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதித் தீர்க்கலாம் என்ற எண்ணம் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான படிப்புகளில் முயற்சிகளுக்கு எல்லை இருக்கிறது. கடைசி முயற்சியிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கப்படுவீர்கள். படிப்பு போனால் அனுமதியின் அடிப்படையும் போய்விடும். உங்கள் துறையின் தேர்வு விதிகளை இன்று படியுங்கள். அடுத்தது கடைசி முயற்சி என்றால், தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே துறை ஆலோசகரைப் பாருங்கள். கிடங்கில் ஒரு ஷிப்ட்டைக் குறைத்தாவது அதற்குப் படியுங்கள்.

திருமணத்துக்குப் போகலாம், ஆனால் கையில் தாள் இருக்க வேண்டும். விண்ணப்பித்த உடனேயே உங்கள் உரிமை சட்டப்படி தொடர்கிறது என்றாலும், சென்னை விமான நிலைய கவுன்டரில் இருப்பவருக்கு முடிந்துபோன கார்டு மட்டும்தான் தெரியும். இடைக்காலச் சான்று வந்ததும் அதில் எந்தக் கட்டத்தில் குறி இட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 81-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுக்கான கட்டம் என்றால் நீங்கள் வெளியே போய்த் திரும்பலாம். மூன்றாம் உட்பிரிவின் கட்டம் என்றால் அதை வைத்துக்கொண்டு திரும்பி நுழைய முடியாது; தவறாகக் குறித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சான்றில் போட்டிருக்கும் தேதி நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட், பழைய கார்டு, சான்று மூன்றையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். வழியில் வேறு நாட்டில் இறங்கி மாறுவதைத் தவிர்த்து நேராக ஜெர்மனியில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. சான்று கைக்கு வராமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாக எடுங்கள். டிசம்பர் முடிவுக்குள் சான்று வராவிட்டால், திருமண அழைப்பிதழின் நகலையும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் இணைத்துப் பயணத் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்புங்கள். சான்றை விரைவாகக் கொடுக்க இது உதவும்.

ஒருவேளை மறுப்பு வந்தால், எழுத்தில் வரும் அந்த ஆணையின் இறுதியில் எங்கே, எத்தனை நாளுக்குள் எதிர்க்கலாம் என்று இருக்கும். பொதுவாக ஒரு மாதம். அன்றே மாணவர் மன்றமான ஆஸ்டாவின் இலவச சட்ட ஆலோசனைக்குப் போய்விடுங்கள். எதிர்ப்பு மனு போட்டாலே வெளியேற வேண்டிய கடமை நின்றுவிடுவதில்லை என்பதால், நீதிமன்றத்தில் அவசர மனுவும் தேவைப்படலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டும். மறுப்பும் இல்லாமல் பதிலும் இல்லாமல் மூன்று மாதம் போனால், முடிவெடுக்கச் சொல்லி நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியும். வழக்கறிஞர் அப்படி ஒரு கடிதம் எழுதிய உடனேயே பல கோப்புகள் நகர்ந்துவிடுகின்றன.

அப்பாவிடம் இந்த வாரமே பேசுங்கள். கல்விக் கடன் வாங்கிய வீட்டில் அரியர் என்ற சொல்லைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தை மாதம் வர முடியுமா என்பது இப்போது சான்றைப் பொறுத்திருக்கிறது. அதை அவர் கடைசி வாரத்தில் தெரிந்துகொள்வதைவிட இன்று தெரிந்துகொள்வது நல்லது. அவரிடம் சொல்ல உங்களிடம் நல்ல செய்தியும் இருக்கிறது: வேலை நாள் எல்லையை நீங்கள் மீறவில்லை, பணக் கணக்கு சரியாக வருகிறது, படிப்பை முடித்தால் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும்.

விண்ணப்பத்தைப் போட்டதும் பதிவுத் தபால் ரசீதின் படத்தையும், நீங்கள் இணைத்த தாள்களின் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் நகர அலுவலகம் கேட்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டது எது என்று சொல்கிறேன். அரியர் எத்தனையாவது முயற்சி என்பதையும் அதில் எழுதுங்கள்.